வியப்பு: சொல்லும் திசையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கண்ணன் வெண்ணெய் களவில் அகப்பட்டு உரலோடு கட்டுண்ட எளிமையை நினைந்த நம்மாழ்வார், 'எத்திறம்' என்று ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்பது பூர்வாசாரியர்கள் வாயிலாக நாம் கேட்டுவரும் ஐதிஹ்யம். எம்பெருமானாலேயே மயக்கம் அறுக்கப்பெற்று ஞானம் அருளப்பெற்றவர் ஆழ்வார். அத்தகையவர் மயங்குவது எங்ஙனம்? வியப்பு, அறியாதவனுக்கு உரியதன்றோ?

இவ்வையத்திற்குச் சொற்களே இடம் தருகின்றன. தொல்காப்பியர் வியப்பை 'மருட்கை' என்று எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். மருள் என்பது மயக்கம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினால் அது பிறக்கும் என்றவர், அதனை அறிவு நிரம்பாத நிலையாகவே காட்டினார். வடமொழியில் 'அத்புதம்' என்பதற்கு, முன்பு இல்லாதது போன்றது என்று யாஸ்கர் நிருக்தத்தில் பொருளுரைத்தார். 'ஆச்சர்யம்' என்பது வழக்கமாக நிகழாததைக் குறிக்கும் என்பது பாணினியின் சூத்திரக் கருத்து. இவற்றின்படி, பழகினால் வியப்பு அகலவேண்டும். அறிந்தால் மருள் தெளியவேண்டும்.

ஒருவகை வியப்பு அவ்வாறு அகல்வதும் உண்மையே. வங்கியில் பேரேடு ஒத்துவராதபோது எழும் திகைப்பு, விடுபட்ட பதிவு கண்ணில் பட்ட கணமே மறைந்துவிடும். அத்திகைப்புக்கு அறியாமையே வேர். ஆனால் அறிய அறிய வளரும் வியப்பும் ஒன்று உண்டு.

அதனை உணர்த்துவது 'மாயை' என்னும் சொல். அச்சொல் பொய்மையைக் குறிக்கும் என்பாரை மறுத்த எம்பெருமானார், அது விசித்திரமான படைப்பை உண்டாக்கும் ஆற்றலைக் குறிப்பது என்று கீதாபாஷ்யத்தில் நிலைநாட்டினார். ஸ்ரீபாஷ்யத்திலும், ஜனகர் குலத்துதித்த பிராட்டியை தேவமாயை போன்றவள் என்னும் ஸ்ரீராமாயண வழக்கைக் காட்டி, மாயா சப்தம் ஆச்சர்யத்தைச் சொல்வது என்று அருளினார். பிராட்டி பொய்த்தோற்றம் அல்லள் அன்றோ! ஆகவே வியப்புக்குரியது மெய்யாகவே இருக்கலாம். அதனை உள்ளபடி அறிந்தவனே மிகுதியும் வியப்பான். திருப்பாவை ஐந்தாம் பாசுரத்து 'மாயன்' என்னும் திருநாமத்தை ஆச்சர்யமான செயல்களை உடையவன் என்று கொள்வதும் இவ்வழியே.

இனி, வியப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. 'வியத்தல்' என்னும் வினையையே திருவள்ளுவர் தற்பெருமைக்கும் ஆள்கிறார். தன் அளவறியாது தன்னை வியந்தவன் விரைந்து கெடுவான் என்பது அவர் கருத்து. வடமொழியிலும் 'ஸ்மயம்' என்பது வியப்பையும் செருக்கையும் ஒருங்கே குறிக்கும். சொல் ஒன்றே, அது நோக்கும் திசைதான் வேறு. தன்னை நோக்கினால் அஹங்காரம். எம்பெருமானை நோக்கினால் பக்தி. கற்றது மிகுந்தோறும் இவ்விரு வாசல்களும் திறந்தே இருக்கின்றன. ஞானம் பெற்றவன் தன் ஞானத்தையே வியக்கத் தொடங்கினால், பெற்ற ஞானமே அவனுக்குக் கேடாகும்.

ஆழ்வார் மோகித்தது அறியாமையால் அன்று. கட்டுண்டவன் எத்துணைப் பெரியவன் என்பதை அறியாதவனுக்கு, ஆயர் சிறுவன் ஒருவன் கட்டுண்டது வெறும் செய்தி. பரத்வத்தை அறிந்தவருக்கோ, தொல்காப்பியர் தனித்தனியே எண்ணிய பெருமையும் சிறுமையும் அங்கே ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. அறிவு முற்றியதனால் விளைந்தது அம்மோகம். ஆதலின் நாள்தோறும் அநுஸந்திக்கும் பாசுரம் பழகிப்போயிற்று என்று ஒருவர் எண்ணுவாராயின், அவர் அறிந்தது இன்னும் போதவில்லை என்றே கொள்ளவேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.