அன்னதானமும் நெகிழிப் பொட்டலமும்

உண்டவர் வாய்பட்ட கலமும் அதில் மிஞ்சிய சோறும் பிறருக்கு ஆகா என்பதே எச்சில் என்னும் கருத்து. இக்கருத்து வேரூன்றிய தமிழ்ச் சமூகத்தில், சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கத்தக்க உலோகக் கலங்களுக்கு ஈடாக, ஒருமுறை உண்டதும் எறியப்படும் வாழையிலையும், மந்தாரை இலைகளை ஈர்க்கால் இணைத்த தையல் இலையும், தொன்னையும் பந்திகளில் இடம்பெற்றன. ஆகவே, உண்டபின் எறிதல் நெகிழியோடு வந்த பழக்கம் அன்று. இலைக்கு உரிய இடத்தில் பாலித்தீன் தாளும் நெகிழிப் பையும் புகுந்ததே புதியது.

சடங்கு நோக்கில் இம்மாற்றம் எவ்விதக் குற்றத்தையும் காட்டுவதில்லை. புத்தம் புதிய நெகிழிப் பையில் கட்டித் தரப்படும் புளியோதரை எவர் வாயும் படாதது என்பதால், மரபான அளவுகோலின்படி அது தூயதே. சிக்கல் அந்த அளவுகோலிலேயே உள்ளது. அது உண்பவரைத் தீண்டும் மாசை மட்டும் கணக்கிட்டு, உண்டபின் நிகழ்வதை விட்டுவிடுகிறது. இலை மாட்டுக்குத் தீனியாகவும் குழிக்கு எருவாகவும் ஆனதால் அக்குறை முன்பு வெளிப்படவில்லை. அப்போதும் எச்சில் இலையை எடுக்கும் வேலை தாழ்த்தப்பட்டோர்மீதே பெரிதும் சுமத்தப்பட்டது என்பதால், உண்டவரின் தூய்மை பிறர் உழைப்பின்மேல் நின்றது. நெகிழியோ எளிதில் மட்காமல் வடிகாலை அடைக்கிறது. சோற்று வாசனைக்காகப் பையோடு விழுங்கும் பசுவின் இரைப்பையில் தங்கி அதைக் கொல்கிறது.

1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், பசி நீக்குதலைச் சீவகாருண்யத்தின், அதாவது எல்லா உயிர்களிடத்தும் கொள்ளும் இரக்கத்தின், தலையாய செயலாக வைத்தார். அவ்விரக்கம் மனிதரோடு நின்றுவிடுவதன்று என்பதால், ஓர் உயிரின் பசியைத் தீர்த்து மற்றோர் உயிரின் வயிற்றை அடைக்கும் கொடை, தன் அடிப்படையோடு தானே முரண்படுகிறது.

உணவைக் கட்டும் நெகிழித் தாள், தட்டு, குவளை, கைப்பை உள்ளிட்ட 14 வகைப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. ஆயினும் சட்டம் விற்பனையையும் பயன்பாட்டையும் தடுக்குமே தவிர, அறத்தின் எல்லையை வகுக்காது. கொடுத்த சோறு பெற்றவர் கையைச் சேர்ந்ததும் கொடுத்தவர் கடமை முடிவதில்லை. அது எதில் கொடுக்கப்பட்டது, அந்தக் கலம் எங்கே போய்ச் சேரும் என்பதும் தானத்தின் பகுதியே.