புதுமனையுந் திருவருட் குறிப்பும்

சிவமயம்



ஒருவர் புதிய மனை கட்டிக் குடிபுகுங்கால், அம்மனைக்கு வேண்டுங் கட்டில், மேசை, கதிரை, அலுமாரி, விளக்கு முதலியன ஒவ்வொன்றாக வந்து சேர்தலைக் கண்டு, "எல்லாந் திருவருட் செயல்" என்று சொல்லுதல் நம்மவரிடத்து வழக்கமாயுள்ளது. அது நல்ல சொல்லே. ஆயினும் நல்ல சொற்களெல்லாம் பொருளுணர்ந்து சொல்லப்படுகின்றனவோ என்பது ஆராயத்தக்கது. அன்றாட வாழ்க்கையின் சிறு நிகழ்ச்சிகளில் இறைவனது வழிகாட்டலைக் காண்டல் கூடுமோ? கூடுமாயின் அதனை எவ்வாறு காண்டல் வேண்டும்? தவறாகக் காண்டலால் விளையுங் கேடு யாது? பிள்ளைகளுக்குச் சமயம் போதிக்குங் கடமை பூண்ட சைவாசிரியர்கள் முன்னிலையில் இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு மாணவனது வினா. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே யாம் சிறிய மனையொன்று கட்டிக் குடிபுகுந்த காலத்தில், கையிலிருந்த பணங் கூரையோடு முடிந்துவிட்டது. கடன்பட்டேனும் இரும்பு அலுமாரியொன்று வாங்குவோமென்று புறப்பட்ட நாளில், மாற்றம் பெற்று வேற்றூருக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர் தமது மர அலுமாரியைக் குறைந்த விலைக்குத் தந்தார். கடலின் உவர்க்காற்றால் இரும்பு விரைவில் துருவேறும் இவ்விடத்துக்கு மரமே ஏற்றது என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. மகிழ்ச்சி மிகுதியால், மறுநாள் வகுப்பிலே திருவருளைப் பற்றிப் போதிக்கும்போது இதனையே எடுத்துக்காட்டாகச் சொன்னோம். அப்பொழுது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், கரைவலைத் தொழிலாளர் ஒருவரின் மகன், எழுந்து நின்று, "ஐயா, போன கச்சான் காற்றில் எங்கள் வீட்டுக் கிடுகெல்லாம் பறந்து போயிற்று. அதுவும் சுவாமி காட்டிய வழிதானோ?" என்று வினாவினான். அவன் பரிகசித்தானல்லன், அறியவே கேட்டான். யாம் அன்று தக்க விடை கூறவில்லை. பாடம் முடிந்த மணியொலி எமக்கு ஒரு புகலிடமாயிற்று.

அலுமாரி வந்தது தற்செயல், கிடுகு பறந்ததுந் தற்செயல் என்று கூறி இவ்வினாவை முடித்துவிடுவாரும் உளர். தற்செயல் என்பது காரணத்தின் பெயரன்று. காரணம் எமக்குப் புலப்படவில்லை என்பதற்கு இடப்பட்ட பெயரேயாம். அது விடையாகாது.

நமது சித்தாந்தம் கூறுவது வேறு. வினை சடம், தன் பயனைத் தானே கொண்டுவந்து கொடுக்கும் அறிவு அதற்கில்லை. உயிரோ சிற்றறிவுடையது, தனக்குரிய பயனைத் தானே ஆராய்ந்து எடுத்துக்கொள்ள மாட்டாது. ஆதலின் வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவிப்பவன் முற்றறிவுடைய சிவபெருமானேயாவன். அவன் செய்யும் ஐந்தொழில்களும் உயிர்கள்பால் வைத்த கருணையினாலேயே நிகழ்கின்றன. மறைத்தலும் அருளே, அழித்தலும் இளைப்பாற்றுதலாகிய அருளே. இன்பந் தந்து ஆட்கொள்ளுதலை அறக்கருணை என்றுந், துன்பந் தந்து திருத்துதலை மறக்கருணை என்றும் நம் ஆன்றோர் வகுத்தனர். ஆகவே, விரும்பியது வந்தபோது மாத்திரந் திருவருளைப் புகழ்ந்து, விரும்பாதது வந்தபோது வாய்மூடியிருப்பவன் திருவருளை அறிந்தவனல்லன். தன் விருப்பத்தையே திருவருளென மயங்கினவன். அத்தகையோன் கடவுளை வழிகாட்டியாகக் கொள்ளவில்லை. தான் வேண்டிய பண்டங்களைச் சுமந்து வரும் ஏவலாளனாகவே கொண்டுள்ளான்.

இங்ஙனமாயின், அம்மாணவனை நோக்கி, "அலுமாரி எனது வினைப்பயன், கிடுகு பறந்தது உனது வினைப்பயன், இரண்டும் அவன் ஆணை" என்று விடை கூறி அமையலாமோ? அமையலாகாது. அவ்விடை நூலளவிற் பிழையற்றதாகத் தோன்றினும் அறத்திற் பிழையுடையதாம். வினைக்கொள்கை தன்னை நோக்கிப் பயில்வதற்குரியது. பிறரை நோக்கி எறிவதற்குரியதன்று. எனக்குத் துன்பம் வந்தபோது அக்கொள்கை எனக்குப் பொறுமையைத் தரும். பிறர்க்குத் துன்பம் வந்தபோது அதனையே யான் எடுத்து மொழிவேனாயின், அஃது என் நெஞ்சைக் கல்லாக்கும். மருந்து ஒன்றே, உண்ணற்பாலார் உண்ணாது பிறர் கண்ணிற் பூசினால் அது நஞ்சாகின்றது.

இக்கரையோரத்தில் வாழ்வார்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய 70,000 பேர் விடுதலைப் புலிகளின் கட்டளையால் தத்தம் மனைகளினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னார்த் தீவினர் பலர் தோணிகளிலேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோருட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலே கிடுகுக் கொட்டில்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இங்கேயே நிலைகொண்டனர். அவர்கள் விட்டுவந்த வீடுகளிலும் அலுமாரிகள் இருந்தன. தந்தையரும் பாட்டன்மாரும் தேடிவைத்த கட்டில்களும் பெட்டகங்களும் இருந்தன. அவற்றைத் தேடியபோது அவர்களுந் தத்தஞ் சமய முறைப்படி இறைவனுக்கு நன்றி கூறியே யிருப்பர்.

மலிவாகக் கிடைத்த ஓர் அலுமாரி இறைவன் என்பால் வைத்த தனியன்புக்கு அடையாளமாயின், இரண்டு மணி நேரத்தில் வீடிழந்தோர்பால் அவனுக்கு அன்பில்லை என்பது அதன் உட்பொருளாய் முடியும். அது வாய்விட்டுச் சொல்லப்படாத சிவநிந்தை. இனி, அவர்க்கு வந்தது அவர் வினையென்று ஒதுக்குவோமாயின், வெளியேற்றினோரை இறைவனது ஏவலாளராக்கி, அவர் செய்த கொடுமையை அறமாக்கியவராவோம். சித்தாந்தம் அதற்கும் இடந்தரவில்லை. நுகர்வானது பிராரத்தமாயினும், பிறர்க்கு இன்னா செய்தவன் தன் செயலால் ஆகாமியத்தை ஈட்டியே தீர்வான். "அவனது வினை அவனைச் சுட்டது, யான் கருவி மாத்திரமே" என்னுஞ் சொல் எந்தத் தீவினையாளனையும் விடுவியாது. அக்கொடுமை தமிழராகிய நமது பெயராலேயே செய்யப்பட்டது என்பதை நினைந்து நாணுதலும் நமக்குக் கடனாம்.

அங்ஙனமாயின் திருவருளின் வழிகாட்டலை எங்கே காண்பது? பெரியபுராணத்திற் போற்றப்படும் அடியார் இருவரது வரலாறு இதற்கு விளக்கந் தருவதாகும்.

இளையான்குடிமாற நாயனார் வறுமையுற்றிருந்த காலத்தில், மழை பெய்யும் நள்ளிரவில் அடியாரொருவர் அவர் மனைக்கு எழுந்தருளினார். அன்று வயலில் விதைத்த நெல்லை இருளிலே சென்று வாரிக்கொண்டு வந்தார் நாயனார். அடுப்பெரிக்க விறகில்லை யென்று மனைவியார் கூறவே, வீட்டுக் கூரையின் வரிச்சுக்களையே அறுத்து விழுத்திக் கொடுத்தார். மனைக்குப் பொருள் வந்து சேர்தலே திருவருட் குறிப்பென்று கொள்வோர் இவ்விரவை என்னென்று சொல்வர்? விதையும் போயிற்று, கூரையும் போயிற்று. எனினும் அந்த மனையினும் நன்கு திருவருள் விளங்கிய மனையொன்றை நாம் கேட்டதில்லை. விருந்தோம்புதற்கென்றே மனை உளது என்பதை உணர்ந்தவராதலின், மனையையே அவர் விருந்துக்கு விறகாக்கினார்.

மற்றவர் நாகப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்த நாயனார். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று நாடோறுங் கடலில் விடுதல் அவரது நியமம். பல நாள் ஒரு மீனே அகப்பட்டபோது அதனையும் விட்டுச் சுற்றத்தோடு பட்டினி கிடந்தார். பின்பு ஒருநாள் பொன்னும் மணியும் போல விளங்கிய மீனொன்று அகப்பட்டது. "நம் வறுமை தீர இறைவன் தந்தான்" என்று சொல்லி அவர் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்றிருந்தால், யார் குறை கூறியிருப்பர்? நாமாயின் அங்ஙனமே சொல்லியிருப்போம். அதனைத் திருவருளென்று வகுப்பிலும் போதித்திருப்போம்! அவரோ அதனையுங் கடலில் விட்டார். வந்த பொருளை "எனக்கு" என்று கொள்ளாது "அவனுக்கு" என்று கொண்டமையே அவரது காட்சி. உடப்பிலுங் கற்பிட்டியிலும் வலையிழுப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அறுபத்துமூவருள் ஒருவர் அவர்தந் தொழிலினர் என்பதை அவர்களுக்கு அடிக்கடி நினைப்பூட்டுதல் வேண்டும். நமக்கும் நாமே நினைப்பூட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விரு வரலாறுகளாலும் பெறப்படுவது யாதெனின், பொருள் கிடைத்தலும் இழத்தலும் திருவருளின் வழிகாட்டல் ஆகா. கிடைத்ததும் இழந்ததும் நம்மை எக்கடமைக்கு அழைக்கின்றன என்று உணர்விப்பதே வழிகாட்டல் என்பதாம். அலுமாரி வந்தமை வினைப்பயன். அது வந்தபின் என் மனக்கதவு அகலத் திறந்ததாயின் அதுவே அருட்குறிப்பு. இன்னும் இறுகப் பூட்டிக்கொண்டதாயின், வந்தது மரமேயன்றி அருளன்று.

இதனை உணரார் சிலர், பல்லி சொல்லினும் காகங் கரையினும் அவற்றைத் தெய்வக் கட்டளையெனக் கொண்டு, கட்டிலை இத்திசையில் இடுவதா அத்திசையில் இடுவதா என்று நாட்கணக்காகக் கலங்குகின்றனர். நன்னாள் பார்த்துக் குடிபுகுதலை யாம் மறுக்கவில்லை. அது முன்னோர் வழக்கு. ஆயின் நாளுங் கோளும் அஞ்சுதற்குரியனவல்ல. திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாயில்லை யென்று திருநாவுக்கரசு நாயனார் அன்பினால் தடுத்தார். பிள்ளையார் கோளறு பதிகம் பாடியருளிப் பயணப்பட்டார். போகவேண்டிய கடமை தெளிவாயிருந்தமையால் குறிகளை அவர் எதிர்நோக்கவில்லை. கடமை தெளிந்தவனுக்குக் குறி வேண்டுவதில்லை. கடமையைத் தட்டிக்கழிக்க விரும்புவோனே குறிகளைத் தேடித் திரிவான்.

இழப்பை இறைவனது வெறுப்பெனக் கருதுவார் சிலாபத்துக்கு அணித்தாயுள்ள முன்னேச்சரத்தை நினைப்பாராக. இராமபிரான் வழிபட்ட தலமென்று போற்றப்படும் அவ்வாலயம் 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. வடிவாம்பிகை சமேதராய் வீற்றிருந்த பெருமானே தமது இல்லத்தை இழந்து நின்றார். 1747 முதல் 1782 வரை கண்டியில் அரசு செலுத்தியவனும், பௌத்த சாசனத்தைப் பேணியவனுமாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் புதுக்குவித்தான். இன்றும் அச்சந்நிதியிற் சைவரோடு சிங்கள பௌத்தரும் வணங்கி நிற்றலைக் காணலாம். இல்லம் இழந்தார் இறைவனால் வெறுக்கப்பட்டவரென்பது பொய் என்பதற்கும், உதவுங் கை எச்சமயத்தாருடையதாயினும் அதனைச் செலுத்துவது திருவருளே என்பதற்கும் இதனினும் அணிய சான்று வேண்டா.

ஆகலின், ஒன்றைத் திருவருட் குறிப்பென்று சொல்லுமுன் நம்மை நாமே மூன்று வினா வினவிக்கொள்ளுதல் நலம். இது "யான்", "எனது" என்னுஞ் செருக்கைக் குறைத்ததோ, வளர்த்ததோ? இதனால் என் மனைவாயில் பிறர்க்குத் திறந்ததோ, அடைத்ததோ? இது வாராது போயிருப்பினும் யான் இறைவனை இவ்வாறே வாழ்த்தியிருப்பேனோ? இம்மூன்றுக்கும் நாணாது விடை கூற இயலுமாயின் அப்பொழுது சொல்லுக, "திருவருட் செயல்" என்று.

உடப்புத் தொழிலாளர் சிலர், மேல்கடல் கொந்தளிக்கும் காலத்திற் கீழ்க்கரைக்குச் சென்று, ஆங்கு வாடியமைத்துத் தொழில் செய்து, பருவம் மாறியதும் மீள்வர். வாடியிலும் அடுப்புண்டு, பாயுண்டு, விளக்குண்டு. ஆயினும் அதனை என்றும் உள்ளதாக எவரும் எண்ணுவதில்லை. அயல்வாடியில் அடுப்பெரியாத நாளில் தம் சோற்றைப் பகிர்ந்துண்பர். நாம் கல்லாலும் ஓட்டாலுங் கட்டிக்கொண்டது சற்று நீண்ட பருவத்துக்குரிய வாடியே யன்றோ? இவ்வுடம்பும் அத்தகையதே.

அம்மாணவனுக்குச் சில நாள் கழித்து யாம் கூறிய விடை இது: "தம்பி, உங்கள் கிடுகு ஏன் பறந்தது என்பதை யான் அறியேன், அறிந்தவன்போல் அன்று பேசியது என் பிழை. ஆனால் கூரையில்லாத வீடொன்று இருப்பதை உன் வாயால் எனக்குக் கேட்பித்தவன் இறைவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனக்குக் காட்டப்பட்ட வழி அதுவே." முன்னறைக்கென ஒதுக்கியிருந்த கண்ணாடி அலுமாரிப் பணம் கிடுகாகவும் மரமாகவும் மாறிற்று, வேலையை அவன் தந்தையாரே செய்தார். கடனாளியாயிருக்க ஒருப்படாத அவர், ஒரு விடுமுறை நாளில் வந்து எமது வேலியை அடைத்துத் தந்து சென்றார். இதனைப் பெருமைக்காகச் சொல்கின்றோமல்லோம்; கற்பிக்கச் சென்றவிடத்திற் கற்றதைச் சொல்கின்றோம். முன்னறை இன்னும் வெறுமையாகவே உளது. மாலை நேரத்திற் பிள்ளைகள் சிலர் அவ்விடத்திற் பாய் விரித்திருந்து படிக்கின்றனர்.

ஆதலால், சைவாசிரியன்மார்களே! "சுவாமி தந்தார்" என்று வகுப்பிற் சொல்லுங்கால், தரப்படாத பிள்ளையும் அவ்வகுப்பில் இருந்து கேட்கின்றது என்பதை மறவாதிருப்போமாக. அப்பிள்ளையின் முகத்தை நோக்கிச் சொல்ல இயலாத எதனையும் திருவருளின் பெயராற் சொல்லாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.