வெண்பீங்கானும் அமானிதமும்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைத்தெருவில் நடப்போர் ஒரு புதுமையைக் காணலாம். வெளிநாட்டிற்கென்று தைக்கப்பெற்று ஏற்றுமதியில் எஞ்சிய பனியன்கள் அங்கே குவியலாகக் கிடக்கும். வாங்குவோர் சிறு தொகைக்குள் பேரத்தை முடித்துக்கொள்வர். அதே நூலில், அதே கைகளால் தைக்கப்பெற்ற மற்றொன்றோ, கடல் கடந்து ஒரு பெயர்ச்சீட்டைக் கழுத்தில் தாங்கியதும் பன்மடங்கு விலை பெறுகிறது. துணி மாறவில்லை, மதிப்பு மாறிவிட்டது. மதிப்பு பொருளில் உறைகிறதா, பார்ப்பவர் கண்ணில் உறைகிறதா என்னும் பழைய வினா நம் கடைவாசலிலேயே எழுகிறது.

அவ்வினாவை இன்னும் கூர்மையாக எழுப்பிய கிண்ணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் குடும்பமொன்று, 2007ஆம் ஆண்டு, பழைய வீட்டுச் சாமான்கள் விற்குமிடத்தில் வெண்ணிறக் கிண்ணமொன்றை 3 டாலருக்கு வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தது. பின்னாளில் அறிந்தோரிடம் காட்டியபோது, அது சீனத்தின் வடக்குச் சுங் காலத்தில் செய்யப்பெற்ற ‘திங்’ கலம் என்றும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்றும் தெரிய வந்தது. 2013 மார்ச்சில் ஏலத்தில் அது 22 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதன் அழகு ஓர் இழையும் கூடவில்லை. கூடியது அறிவு, அறிவைத் தொடர்ந்து வந்தது ஆசை.

இத்தகைய தொன்மையான வெண்பீங்கான்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அழகிய பொருளை விரும்புவது குற்றமாகாது. ஆயினும் அதைத் தனதாக்கிக்கொள்ளும் உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

இக்கலங்கள் நமக்கு அந்நியமானவையல்ல. வட சீனத்தின் சிங், திங் சூளைகளில் வெண்களிமண்ணைக் கடும் வெப்பத்தில் சுட்டு இவற்றை ஆக்கினர். உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியுமளவு மெல்லிய சீனக் கிண்ணங்களைப் பற்றி, கி.பி. 851ஆம் ஆண்டைச் சார்ந்த அரபுப் பயணக் குறிப்பொன்று வியந்து பேசுகிறது. பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பெற்ற ஒரு சமுதாயம் மண்ணின் அழகைப் போற்றியதில் வியப்பில்லை. பஸராவின் குயவர்கள் அந்த வெண்மையைக் கண்டு மயங்கினர். அவர்களிடம் வெண்களிமண் இல்லை. எனவே தம் மஞ்சள் மண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த பூச்சிட்டுப் புதியதொரு கலையையே படைத்தனர். அழகைக் கண்டவன் அதைப் பூட்டி வைக்கத்தான் வேண்டுமென்பதில்லை; கற்றுக்கொள்ளவும் கூடும்.

நம் கரைக்கும் அவை வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், சீனத்துப் பச்சைப் பீங்கான் ஓடுகளோடு வெள்ளை ஓடுகளும் கிடைத்தன. விலைக்கு எடுத்தால் அவற்றுக்கு என்ன கிடைக்கும்? ஆனால் எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தன என்பது பதிவானமையால், அவ்வோடுகள் நம் முன்னோரின் கடல் வாணிகத்திற்குச் சாட்சி சொல்கின்றன. கிடந்த இடம் தெரியாமல் தோண்டியெடுக்கப்பட்ட முழுக்கலமோ, எத்துணை அழகாயினும், நாவிழந்த சாட்சியே.

1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் வரலாறு இங்கே எண்ணத்தக்கது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, அரபு முறையில் கட்டிய அக்கப்பலில் சுமார் 60,000 சீனக் கலங்கள் இருந்தன. வட சீனத்து வெண்கலன்களும் அவற்றுள் அடங்கும். வணிக நோக்குடைய நிறுவனமொன்று அவற்றை வெளிக்கொணர்ந்தது. 2005இல் சுமார் 3 கோடியே 20 இலட்சம் டாலருக்குச் சிங்கப்பூர் அவற்றைப் பெற்றது. ஆய்வு நெறிப்படி எடுக்கப்படவில்லை என்று அறிஞர் பலர் எதிர்த்ததால், வாஷிங்டனில் நடைபெறவிருந்த கண்காட்சி 2011இல் கைவிடப்பட்டது. எடுக்காமல் விட்டிருந்தால் கொள்ளையர் கையில் சிதறியிருக்கும் என்று மறுதரப்பார் கூறியதும் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் ஒன்று தெளிவு. வாங்குவோன் தரும் பணமே தோண்டுவோன் கையில் மண்வெட்டியாகிறது.

உழைத்து ஈட்டிய பணத்தால் வாங்கினேன் என்பது பாதி விடை. பணம் ஹலாலாயிருந்தால் போதாது. பொருள் வந்த வழியும் தூயதாயிருக்க வேண்டும். திருப்பூர் இப்பாடத்தைத் துன்பப்பட்டே கற்றது. பனியன் பால்போல் வெளுத்தது. கறை நொய்யல் ஆற்றில் தங்கியது. 2011 சனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே, வெண்மைக்கும் ஒரு கணக்கு உண்டென்பதைப் பலர் உணர்ந்தனர். வெள்ளைப் பொருளைக் கையிலெடுப்பவன், அதன் கறை எங்கே விடப்பட்டது என்று கேட்கக் கடமைப்பட்டவன்.

வந்த வழியைப் போலவே போகும் வழியும் கருதத்தக்கது. ஈரானின் மன்னர் ஷா அப்பாஸ், தம்மிடமிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை 1611ஆம் ஆண்டு அர்தபீல் நகரில் ஷெய்கு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்திற்கு வக்ஃபாக அளித்தார். பெரும்பாலானவை பிற்காலத்து நீல ஓவியக் கலங்கள். வெள்ளைக் கலங்களும் அவற்றுள் இருந்தன. மன்னரின் உடைமை, வக்ஃபு முத்திரை பெற்றுத் தலத்தின் உடைமையாயிற்று. பம்பாயில் 1892இல் பிறந்த சர் பெர்சிவல் டேவிட் என்னும் யூதப் பெருமகனார், சுமார் 1,700 சீனக் கலங்களைச் சேர்த்தார்; 1950இல் அத்தொகுப்பை லண்டன் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். சேர்ப்போர் இல்லாவிடில் இவற்றுள் எத்தனை உடைந்து மண்ணாகியிருக்குமோ! ஆதலின் சேர்ப்பதையே பழிக்க நாம் துணியோம்.

ஆயிரமாண்டுக் கிண்ணத்தின் முன் எழுபதாண்டு மனிதன் உடைமையாளனாக நிற்பது எங்ஙனம்? அவன் அதன் வழித்துணைவன் மட்டுமே. நியாயமாகப் பெற்று, அறிந்து காத்து, அடுத்தவர் காணும்படி விட்டுச் செல்பவன் அமானிதத்தை நிறைவேற்றியவனாவான். எண்ணிக்கையில் அயலானை விஞ்சவென்றே அடுக்குபவனுக்கோ, ‘தகாஸுர்’ அத்தியாயத்தின் எச்சரிக்கை போதும்.

நம் வீட்டு அலமாரிகளிலும் பாட்டிமார் விட்டுச்சென்ற பீங்கான் தட்டு ஒன்றிரண்டு இருக்கக்கூடும். ஏலத்தில் அவற்றுக்கு விலையிராது. அது எவ்வூரிலிருந்து, எவர் கையால், எந்தத் திருமணத்திற்கு வந்ததென்று பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். நோன்பு திறக்க வரும் விருந்தினருக்கு அதிலே ஒருநாள் பரிமாறுவோம். பொருளுக்கு நாம் செய்யும் நீதி அங்கிருந்தே தொடங்கட்டும்.