எரிச்சல் என்னும் மறுப்பு

கிளைகாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 76. மாண்டெலிக் அமிலத்துக்கு 152, குளுக்கோனோலாக்டோனுக்கு 178. மூலக்கூறு பெரிதாக இருந்தால் பொதுவாகத் தோலுக்குள் மெதுவாக இறங்கும், எரிச்சலும் குறையும். 'சென்சிடிவ் ஸ்கின்'னுக்கென்று விற்கும் சீரம் பாட்டில்களின் மென்மைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. மூன்றுக்கும் வேலை ஒன்றே: இறந்த செல்களைப் பிணைத்திருக்கும் பிடியைத் தளர்த்துவது.

எரியும் தோல் எதையோ மறுக்கிறது. அந்த மறுப்புக்குச் சந்தை வைத்த பெயர் 'சென்சிடிவ்'. வீட்டில் எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கும் அதே பெயர்தான்: "நீ ரொம்ப சென்சிடிவ்." சொன்னது நியாயமா என்று யாரும் யோசிப்பதில்லை. அதையே நோகாமல் சொல்ல வழி தேடுகிறார்கள்.

பருவால் அவதிப்படுகிறவளுக்கு மென்மையான அமிலம் உதவக்கூடும். அதைப் பூசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நோயற்ற தோலையும் திருத்தியே தீரவேண்டும் என்ற கட்டளை யாருடையது? 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி', 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. சொல் மென்மையாகிவிட்டது. கட்டளை மாறியதா?

இளம் வயதில் மேல்தோல் ஏறக்குறைய 28 நாளில் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அமிலத்தைக் கையில் எடுக்கும்போது, இந்த அவசரம் யாருக்கு என்று கேட்டுக்கொள்வோம். தோல் 'வேண்டாம்' என்றால், அதைவிட மென்மையான இன்னொன்றைத் தேடாமல் அப்படியே நிறுத்திவிடவும் நமக்கு உரிமை உண்டு.