பழைய தறியும் புதிய கையும்

பழைய பொருள் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்பது வெறும் பணக்கணக்காகவே நமக்குத் தோன்றுகின்றது. விலை கட்டுப்படியானால் வாங்குகிறோம். இல்லையேல் விலகிப் போகிறோம். ஆனால், வாங்குபவர் தொழிலுக்குப் புதியவராகவும், விற்பவர் அதிலேயே தலை நரைத்தவராகவும் இருக்கும்போது, அக்கணக்கு அறத்தின் கணக்காக மாறிவிடுகின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவுதான். 1936ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பெற்றது. அன்றுதொட்டுப் பஞ்சும் நூலும் இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்துள்ளன. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி, முகம் அறியாத எத்தனையோ நோயாளரின் காயங்களைக் கட்டுகின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர் ஒருவர், இரண்டு பழைய விசைத்தறிகளை வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பினார். தாயின் நகையை அடகு வைத்த பணம் அவரிடம் இருந்தது. "ஐயா, நீங்களும் வந்து ஒரு பார்வை பாருங்கள்" என்று நம்மை அழைத்தார். விற்பவரோ நம் நெடுநாளைய நண்பர். மகளின் திருமணத்திற்காகப் பணம் தேடிக் கொண்டிருந்தவர்.

இரண்டு தறிகளில் ஒன்றன் வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல் கண்டிருந்ததை நாம் முன்னரே அறிவோம். அதனைப் பற்றவைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். நாடா ஓடும் அதிர்ச்சியில் அந்த ஒட்டு என்றேனும் ஒருநாள் விட்டுப்போகக் கூடும். இளைஞர் பெயிண்டின் பளபளப்பை மட்டுமே கண்டார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் சொல்வதா, வாளாவிருப்பதா?

இவ்வினா மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே உரோமை அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். ரோடு தீவு பஞ்சத்தில் வாடுகின்றது. வணிகர் ஒருவர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதனை அவர் மக்களுக்குச் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்றார் ஒரு தத்துவ ஞானி. அறிந்த அனைத்தையும் சொல்ல வேண்டும் என்றார் மற்றொருவர். சிசரோ இரண்டாமவர் பக்கமே நின்றார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இன்னும் நுட்பமாகப் பகுத்துரைத்தார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்த அளவில் தெரியும் குறை. விற்பவர் விலையை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் போதும். குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத குறை வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்குமாயின், அதனை மறைப்பது வஞ்சனை. கப்பல் வணிகரைப் பற்றியோ, அவர் சொல்லாதிருப்பது அநீதியன்று என்றும், சொல்வது மேலான நற்பண்பு என்றும் கூறினார்.

இங்கே நாம் ஒன்றைச் சேர்த்து எண்ண வேண்டும். குறை தெரிவதும் மறைவதும் பொருளை மட்டும் பொறுத்தவையல்ல; பார்க்கும் கண்ணையும் பொறுத்தவை. தேர்ந்த நெசவாளருக்கு வெளிப்படையான குறை, புதியவருக்கு மறைவான குறையே. ஆகவே, "பார்த்துத்தானே வாங்கினார்!" என்னும் சொல் நம்மைக் காப்பாற்றாது. அவருடைய அறியாமை நமக்குக் கிடைத்த ஆதாயமன்று. நம்மேல் விழுந்த கடன்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாகக் கொண்டாலும், அப்பொருளில் வணிகம் செய்பவரிடம் தம் தேவையைச் சொல்லி அவர் திறமையை நம்பி வாங்குபவருக்கு விலக்கு அளிக்கின்றது. நம்பிக்கைக்கும் ஒரு மதிப்புண்டு எனச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது அன்றோ!

புதியவருக்கும் கடமை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படலாகாது. நின்ற தறியைப் பார்த்து விலை பேசாமல், பாவு பூட்டி ஓடும் தறியைப் பார்க்க வேண்டும். ஏன் விற்கிறீர்கள், எது எப்போது பழுதானது என்று கேட்க வேண்டும். வாங்கும் விலையோடு பழுது பார்க்கும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முடிந்தால், சில மாதங்கள் பிறர் தறியில் கூலிக்கு நெய்து பழக வேண்டும். அந்தச் சில மாதங்களில் கிடைக்கும் அறிவு எந்த விலைக்கும் வாங்கக் கிடைக்காதது.

அன்று நாம் நண்பரைத் தனியே அழைத்து, "அந்த ஒட்டைத் தம்பியிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள், இல்லையேல் நாம் சொல்ல வேண்டிவரும்" என்றோம். அவர் முகம் கறுத்தது. "திருமணச் செலவு தெரிந்துமா இப்படிச் சொல்கிறீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. ஆயினும் சற்று நேரம் கழித்து, அவரே இளைஞரின் கையைப் பிடித்துச் சென்று விரிசல் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். இளைஞர் ஒரு தறியை மட்டும் வாங்கிச் சென்றார்.

நண்பர் நம்மிடம் பேசுவதற்கு ஓராண்டு ஆயிற்று. உண்மைக்கு விலை உண்டு. அதனை எப்போதும் உரியவரே கொடுப்பதில்லை. அவ்விலைக்கு அஞ்சி நாம் மௌனம் காத்திருந்தால், அதனை ஓர் ஏழைத் தாயின் நகையல்லவா கொடுத்திருக்கும்? விலை பேசும் இடங்களில் சாட்சிகளாக நிற்கும் நாம், யாருடைய பொருளைக் கொண்டு நம் நட்பைக் காத்துக்கொள்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.