பலகையில் என்ன எழுதியிருக்கு?

"இதில என்ன எழுதியிருக்கு, மக்களே?"

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அம்மச்சி கேட்டாள். எதிரே பெரிய பெயர்ப்பலகை. "பெரிய ஆஸ்பத்திரின்னு எழுதியிருக்கு அம்மச்சி" என்றேன். தலையாட்டினாள். முந்தானையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான். அம்மச்சி போய் நான்கு வருடமாகிறது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

வலது கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். வெற்றிலையும் போயிலையும் சேர்த்து வருடக்கணக்காக அதக்கி வைத்திருந்த அதே இடம். சதை எடுத்துச் சோதித்தார்கள். கரண்ட் வைக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அம்மா, மாமா, நான் என்று முறை வைத்துக்கொண்டு பாறசாலையில் காலை ரயில் ஏறினோம். நோயின் பெயரை அவளிடம் சொல்வதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். வாய்ப்புண், அவ்வளவே. எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும்கூட அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "ஆர்.சி.சி.க்குப் போகணும்" என்றாலே கேட்பவர் குரல் தணிந்துவிடும். 1981-இல் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டரை மூன்று எழுத்தாகச் சுருக்கி, நடு எழுத்துக்குள் நோயை ஒளித்து வைத்திருக்கிறோம். பலகை அப்படிச் சுருக்கிச் சொல்லவில்லை. ஆனால் அம்மச்சிக்கு எழுத்து தெரியாது. எங்கள் தைரியமெல்லாம் அதில்தான் இருந்தது.

நான்காவது வாரம், திரும்பி வரும் வழியில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு. அவசரத்தில் வந்து நின்ற வண்டியில் ஏறக் கால் வைத்தேன். பின்னாலிருந்து அம்மச்சி கையைப் பிடித்து இழுத்தாள். "அது பூவாறு வண்டி, மக்களே. நமக்குள்ளது இல்ல." வண்டியின் நெற்றியில் இருந்தது மலையாள எழுத்து.

இரவில் அம்மாவிடம் கேட்டேன். "சின்னதில மலையாளப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் போனதாச் சொல்லியிருக்கா" என்றாள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்தப் பக்கத்தில் நின்றுபோன எங்களைப் போன்ற வீடுகளில் அடுக்களைக்குத் தமிழ், பள்ளிக்கூடத்துக்கு மலையாளம். அம்மச்சி வாசித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் அன்று பலகையை வாசித்துவிட்டுத்தான் கேட்டாளா? இல்லை, தினமும் பார்த்துப் பழகிய பஸ் போர்டை எழுத்தறியாதவர்களும் அடையாளம் காண்பதுபோல, அது வெறும் பழக்கமா?

சிறுவயதில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலுக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போவாள். அங்கே அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரத்துப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. பட்டுப்போன அடிமரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். "உள்ளே இருக்கது யாருன்னு மரத்துக்குத் தெரியுமா அம்மச்சி?" என்று கேட்டிருக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஏதோ சொன்னாள், சிரித்தாள்.

பின்னாளில் ஒன்றை வாசித்தேன். 1990-களின் நடுவில் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் அதனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியானது. கண்ணால் பார்த்தாலே பிடிபடக்கூடிய நோய். "ஆ காட்டு அம்மச்சி" என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் மறைத்தது பிறகுதான். அதற்கு முன்னால் பல வருடம் பார்க்காமலே இருந்திருக்கிறோம்.

கரண்ட் வைத்து முடிந்த அடுத்த வருடம் அம்மச்சிக்கு நோய் திரும்பி வந்தது. கேரளத்தில் 2008-இல் நோவைத் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென அரசு கொள்கை வகுத்ததிலிருந்து பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். எங்கள் வீட்டுக்கு வந்த சிஸ்டர் மருந்துப் பையைத் திறக்கும் முன் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்: "அம்மச்சிக்கு என்ன நோயின்னு தெரியுமா?" பெயரைச் சொல்வதற்கு முன், நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது அவர்கள் முறை. கதவருகே நின்ற எனக்குக் கை நடுங்கியது. அம்மச்சி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பிள்ளைகளுக்குத் தெரியும்."

சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் எனக்குள் வாதாடுகிறேன். அவள் உடம்பு, அவள் நோய், அதன் பெயர் அவளுக்குரியது. வேறு சில நாளில், அவள் எல்லாம் அறிந்தே எங்களுக்காக அறியாதவளாக இருந்தாள் என்று தோன்றுகிறது. அது என் குற்ற உணர்வுக்கு நானே தேடிக்கொண்ட ஆறுதலாகவும் இருக்கலாம்.

அன்று பலகையின் முன்னால், "அம்மச்சிக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வாய்விட்டுப் படித்திருப்பாளா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்திருப்பாளா? எனக்குத் தெரியவில்லை.