கொடுத்த மலை

தேசியப் பூங்காக்களின் பிறப்புக் கதைகளை வாசித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். அரசாங்கம் ஓர் இடத்தின் அழகைக் கண்டுகொள்கிறது, வரைபடத்தில் கோடு போடுகிறது, உள்ளே வெட்டாதே வேட்டையாடாதே என்று சட்டம் எழுதுகிறது. அமெரிக்காவில் 1872இல் யெல்லோஸ்டோன் அப்படித்தான் பூங்காவானது. அங்கே காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த பழங்குடிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்த வரிசையில் நியூசிலாந்தின் டொங்காரிரோ மட்டும் கொஞ்சம் உதைக்கிறது. அது எடுக்கப்பட்ட பூங்கா இல்லையாம், கொடுக்கப்பட்ட பூங்காவாம். 1887 செப்டம்பர் 23 அன்று ஙாத்தி தூஃபாரெத்தோவா என்ற மாவோரி இனக்குழுவின் தலைவர் ஹொரோனுகு தெ ஹெவுஹெவு, மூன்று எரிமலைகளின் உச்சிப் பகுதிகளை விக்டோரியா ராணியின் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். சுமார் 2,600 ஹெக்டேர். நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அங்கிருந்து தொடங்குகிறது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இதைப் பெருந்தன்மையின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன.

எனக்கு அந்தக் ‘கொடுத்தார்’ என்ற வினைச்சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

மலைகளின் பெயர்கள் டொங்காரிரோ, ஙௌருஹோவே, ருவாப்பேஹு. (தமிழில் ஙகரம் சொல்லின் முதலில் வருவதே அபூர்வம். மாவோரி மொழிக்குப் போனால் அதற்கு ஓயாத வேலை.) மூன்றும் இன்னும் அடங்காத எரிமலைகள். ருவாப்பேஹு 2,797 மீட்டர், வடக்குத் தீவின் மிக உயரமான இடம். அங்கே இருபது கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு. ஒரு முறை நடந்திருக்கிறேன். கந்தக வாசம், கருஞ்சிவப்பு மண், பச்சை நிறத்தில் சின்னச் சின்ன ஏரிகள். எனக்கு முன்னும் பின்னும் நடந்தவர்களில் பாதிப் பேர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். ஙௌருஹோவேதான் அந்தப் படத்தின் அழிவு மலை. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மக்களுக்கு அது காட்சி இல்லை, மூதாதை. அவர்களுடைய பழங்கதையில் ஙாத்தோரோஇராங்கி என்ற பூசாரி மலையேறும்போது குளிரில் விறைத்துச் சாகக் கிடக்கிறார். கடலுக்கு அப்பால் உள்ள தாயகத்தில் இருக்கும் சகோதரிகளைக் கூவி அழைக்கிறார். அவர்கள் அனுப்பும் நெருப்பு நிலத்துக்கு அடியில் ஓடிவந்து சிகரத்தில் வெடிக்கிறது. மலை அவ்வளவு புனிதமானதால் அதைத் தொடுவதற்கே தடை. அந்தத் தடைக்கு மாவோரியில் ‘தப்பு’ என்று பெயர். சொற்பிறப்பு ஆராய்ச்சி செய்யும் நண்பர்கள் தயவுசெய்து கிளம்பிவிட வேண்டாம், வெறும் தற்செயல்தான். 1839இல் பிட்வில் என்ற ஆங்கிலேயர் ஙௌருஹோவேயில் ஏறினார். அப்போதைய தலைவரும் ஹொரோனுகுவின் தந்தையுமான மனானுயி விஷயம் தெரிந்தபோது கொதித்துப்போனார். 1840இல் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தவர் அவர். 1846இல் ஒரு நிலச்சரிவு அவரையும் அவருடைய கிராமத்தையும் மூடியது. மகனின் பெயரான ஹொரோனுகுவுக்கு நிலச்சரிவு என்றே பொருள். அப்பாவின் மரணத்தைப் பெயராகச் சூட்டிக்கொண்டவர். மனானுயியின் எலும்புகள் பின்னாளில் மலைக்கே கொண்டுபோகப்பட்டன.

அந்த மலையைத்தான் மகன் எழுதிக் கொடுத்தார். ஏன்?

1860களில் காலனி அரசு ஏற்படுத்திய பூர்வகுடி நில நீதிமன்றத்தைப் புரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் இல்லை. கூட்டாக, குலமாக வைத்திருந்த நிலத்தை ஆள் ஆளுக்குப் பங்காகப் பிரித்துப் பெயரெழுதும் இயந்திரம் அது. பெயர் எழுதியாகிவிட்டால் பங்கை விற்கலாம். நீதிமன்றத்துக்கு வந்து மாதக்கணக்கில் காத்திருக்கும் செலவு, நில அளவைச் செலவு எல்லாம் கடனாக ஏறும். கடனுக்கு நிலம் போகும். போகாமலே இருக்கலாமே என்றால், நீ வராவிட்டாலும் பக்கத்துக் குலம் வந்து உன் நிலத்தைக் கேட்கும். 1886இல் இந்த நீதிமன்றம் தௌப்போ நிலங்களை விசாரித்தது. ஹொரோனுகுவோ 1869இல் அரசை எதிர்த்த தெ கோத்தியின் பக்கம் நின்று தோற்றவர். எதிர்த்தரப்பிலோ அரசோடு சேர்ந்து போரிட்ட குலத்தலைவர்கள். ‘அணையாத அடுப்பு’ என்பது மாவோரி வழக்கில் நில உரிமைக்கான சான்று. யாருடைய அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறதோ அவர் நிலம். உன் நெருப்பு எங்கே என்று எதிராளி கேட்டபோது ஹொரோனுகு புகைந்துகொண்டிருந்த எரிமலையைக் காட்டினார் என்று வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, நல்ல பதில்.

நீதிமன்றத்தில் மலை அவர் தரப்புக்கே கிடைத்தாலும் அடுத்த தலைமுறையில் அது துண்டு துண்டாக ஆட்டுப் பண்ணையாகும் என்பது தெரிந்ததுதான். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருமகன் லாரன்ஸ் கிரேஸ் சொன்ன யோசனை: ராணியின் பெயரில் வைத்துவிட்டால் யாரும் விற்க முடியாது. அப்படித்தான் பத்திரம் எழுதப்பட்டது. தன் காலத்துக்குப் பிறகு மகன் துரெயித்தி அறங்காவலர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். அடுத்த ஆண்டே இறந்தார்.

கோலாலம்பூரில் நிலப் பத்திரங்களோடு மல்லுக்கட்டும் வழக்கறிஞர் நண்பன் ஒருவன் உண்டு. மாமாக் கடையில் வைத்து அவனிடம் இதைச் சொன்னேன். “மச்சான், கிராண்ட்ல யாரு பேரு இருக்கு? அவ்வளவுதான் கேள்வி. குடுத்தாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. நூறு வருஷம் கழிச்சு பேரன் வந்து, ‘எங்க தாத்தா குடுக்கல, பாத்துக்கத்தான் சொன்னாரு’ன்னா எவன் கேப்பான்?”

அவன் சொல்வது நம் பண்பாட்டுக்கும் அந்நியமானதில்லை. தமிழில் தானம் என்றால் நீர் வார்த்துக் கொடுப்பது. நீர் கையை விட்டுப் போனதுபோல உரிமையும் போகும். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது பாவம், சொல்லிக்காட்டுவதே கேவலம். ஆனால் அதே ‘தாரை வார்ப்பது’ இன்றைய பேச்சில் என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். ஏமாந்து, பொறுப்பில்லாமல், இருந்ததையெல்லாம் அடுத்தவனிடம் விட்டுவிடுவது. கொடுப்பவன் முழுக்க வெளியேறிவிடும் கொடை மீது நமக்குள்ளேயே எங்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

மாவோரியில் இந்தச் செயலுக்கு வழங்கும் சொல் ‘துக்கு’. விடுதல், அனுமதித்தல், முன்வைத்தல் என்று அதற்குப் பல நிழல்கள். ஒருவருக்கு நிலத்தை துக்கு செய்தால் அவர் அதில் வாழலாம், பயிரிடலாம். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான உறவு அத்தோடு முடியாது, அப்போதுதான் தொடங்கும். மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையின் நடுவில் இருப்பதும் மாவோரி அறிஞர் தமாத்தி ரானாபிரி கொடுத்த விளக்கம்தான்: கொடுத்த பொருளில் கொடுத்தவரின் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே போகிறது. மோஸ் பேசியது கைமாறும் பொருள்களைப் பற்றி. மலை கைமாறாது. 1887இல் இடம்பெயர்ந்தது ஒரு காகிதம் மட்டும்தான். கொடுத்தவர் மறுநாளும் அதே மலையடியில்தான் விழித்தார்.

பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1894இல் பூங்காச் சட்டம் வந்தது. அறங்காவலர் குழுவில் தலைவரின் மகனுக்கு ஓர் இருக்கை, மற்றவை அதிகாரிகளுக்கு. எழுதிக் கொடுத்த சிகரங்களைவிடப் பல மடங்கு பெரிய பரப்புக்குச் சட்டம் கோடு போட்டது. இன்று பூங்கா 80,000 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவும் ‘கொடை’ என்ற ஒற்றைச் சொல்லின் நிழலில் சௌகரியமாக ஒதுங்கிக்கொண்டது. முன்னாள் போலீஸ் ஆணையர் ஜான் கல்லன் பூங்காவின் காப்பாளரானார். ஸ்காட்லாந்தில் போல இங்கேயும் பறவை சுட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஹெதர் என்னும் புதர்ச்செடியை மலையடிவாரமெங்கும் விதைத்தார். பறவைகள் பிழைக்கவில்லை, ஹெதர் பிழைத்தது. இன்றுவரை அதை ஒழிக்க முடியாமல் அதைத் தின்னும் வண்டுகளை இறக்குமதி செய்துகொண்டிருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட பூங்காவுக்குள், பாதுகாக்கும் பொறுப்பில் இருந்தவர் செய்த காரியம் இது.

நண்பனின் கேள்விக்கு வருகிறேன். கேட்டவர்கள் உண்டு. வைத்தாங்கி ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று விசாரிக்கும் ஆணையம், இந்தப் பூங்கா பற்றிய தன் நீண்ட அறிக்கையை 2013இல் வெளியிட்டது. நடந்தது ஆங்கிலேயச் சட்டத்தின் பொருளில் கொடை அல்ல, துக்கு. சேர்ந்து காப்போம் என்ற அழைப்பு. அரசு அந்த அழைப்பை மதிக்கவில்லை என்பது அதன் முடிவு. மலை இனி அரசும் அந்த மக்களும் கூட்டாக வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டுக்குள் போக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், தீர்ப்பல்ல.

இங்கே என் தோள் கொஞ்சம் இறுகுகிறது. மலேசியாவில் பிறந்த தமிழனுக்கு ‘மண்ணின் மைந்தர்’, ‘பரம்பரை உரிமை’ என்ற சொற்களைக் கேட்டால் உடம்பு தானாகவே விழித்துக்கொள்ளும். பொது நிலம் என்றால் எல்லாருக்கும் சமம்தானே? ஒரு குலத்தில் பிறந்ததால் ஒருவருக்கு மட்டும் மலையில் தனிச் சொல் எதற்கு? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் டொங்காரிரோவில் அந்த உரிமை இரத்தத்தில் இருந்து மட்டும் வருவதாக எனக்குப் படவில்லை. ஒரு நிபந்தனையோடு நீட்டப்பட்ட ஒன்றை வாங்கிக்கொண்டு நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டார்கள். வாக்குக் கொடுத்தால், பெற்றவர் எந்த இனம் என்று பார்த்தா காப்பாற்றுவோம்? இன்னொரு சிக்கல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ருவாப்பேஹுவின் தெற்கிலும் மேற்கிலும் வாழும் ஙாத்தி ராங்கி, ஃபாங்கானுயி மக்களுக்கும் அந்த மலை மூதாதைதான். அவர்கள் சார்பில் ஹொரோனுகு எப்படிக் கொடுக்க முடியும்? ஒற்றைப் பெருந்தன்மையின் கதை அவர்களையும் சேர்த்து அழித்திருக்கிறது.

புனிதம் என்று பேசுவதற்கு விலை உண்டா என்பதையும் ருவாப்பேஹு சோதித்துப் பார்த்தது. 1953 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, அதன் உச்சி ஏரி உடைத்துக்கொண்டு சேறும் பாறையுமாக இறங்கியதில் தாங்கிவாய் ரயில் பாலம் சேதமானது. வெல்லிங்டனிலிருந்து ஆக்லாந்து போன ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். 1995, 96 வெடிப்புகளுக்குப் பின் அந்த ஏரி மறுபடி நிரம்பத் தொடங்கியது. எரிமலைச் சாம்பலால் ஆன தளர்வான கரை ஒருநாள் உடையும் என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்தை மேலே கொண்டுபோய் ஒரு கால்வாய் வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். மலையின் தலையில் கத்தி வைக்காதீர்கள் என்றார்கள் அந்த மக்கள். மனித உயிரைவிட நம்பிக்கை பெரிதா என்று எதிர்க்குரல்கள் எழுந்தன.

அந்த எதிர்க்குரலை மூடநம்பிக்கை எதிர்ப்பு என்ற பெயரில் நானும் எழுப்பியிருக்கக்கூடியவன்தான். 151 என்ற எண் சின்னதில்லை. ஆனால் கால்வாய்க்கு எதிரான வாதங்களில் நம்பிக்கை மட்டும் இல்லை. வேலை செய்பவர்களின் ஆபத்து இருந்தது. அடுத்த வெடிப்பில் எல்லாம் திரும்பவும் மாறிவிடும் என்ற அறிவியல் இருந்தது. கடைசியில் மலையை விட்டுவிட்டு மனிதர்களை நகர்த்துவது என்று முடிவானது. உணர்கருவிகள், எச்சரிக்கை ஒலி, கீழே ஆற்றோரம் ஒரு தடுப்புக் கரை, சாலையையும் ரயிலையும் நிறுத்தும் ஏற்பாடு. 2007 மார்ச் 18 அன்று கரை உடைந்தது. பத்து லட்சம் கனமீட்டருக்கும் மேலான தண்ணீர் இறங்கியது. யாரும் சாகவில்லை. செத்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன் என்பதும் உண்மை.

யுனெஸ்கோ 1990இல் இயற்கைக்காகவும் 1993இல் பண்பாட்டுக்காகவும் டொங்காரிரோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண்ணுக்கும் மனிதருக்கும் உள்ள உறவையே பாரம்பரியமாகக் கருதும் புதிய விதியின்கீழ் பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுதான். பழங்கதையில் பிஹாங்கா என்ற மலைமகளுக்காக டொங்காரிரோவும் தரனாக்கியும் சண்டையிடுகின்றன. தோற்ற தரனாக்கி மேற்கே ஓடிப்போய்க் கடலோரம் நின்றுவிடுகிறது. 2025 ஜனவரியில் நியூசிலாந்து நாடாளுமன்றம் அந்தத் தரனாக்கியைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டது. இனி அது யாருக்கும் சொந்தமில்லை, தனக்கே சொந்தம். சண்டையில் வென்ற டொங்காரிரோ, இதை எழுதும் நாள்வரை, 1887ஆம் ஆண்டுப் பத்திரத்தின்படி அரசின் சொத்து.